இன்டர்ன்ஷிப் போற வகுப்புல காது கேக்காத பையன் ஒருத்தன், நடக்க ஏலாத புள்ள ஒன்னு. காலேஜ் நோட்ஸ் போதுமா?

பனிமூட்டம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்வியியற் கல்லூரியில ரெண்டாவது வருசம், ஆரம்பக்கல்வி. அடுத்த வருசம் முழுக்க கட்டுறு பயில்வு, அதாவது ஸ்கூல்ல இன்டர்ன்ஷிப். எந்த ஸ்கூல்னு ஏறக்குறைய தெரிஞ்சிருச்சி, தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூல். அங்க படிப்பிக்கிற அக்கா ஒருத்தங்க சொன்னாங்க தரம் 3ல காது சரியா கேக்காத பையன் ஒருத்தன் இருக்கானாம், இன்னொரு பொம்பளப்புள்ளைக்கு கால் ஏலாது, தாத்தா தூக்கிட்டு வந்து விட்டுட்டு போவாராம், மழ நாள்ல வர மாட்டாளாம்.

விசேட கல்விக்கு எங்களுக்கு பாடம் இருக்கு, இல்லன்னு சொல்லல. பார்வைக் குறைபாடு, செவிப்புலக் குறைபாடு, ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம், டிஸ்லெக்சியா எல்லாத்துக்கும் வரைவிலக்கணம், காரணம், பண்புகள்னு பாடமாக்கி எழுதியாச்சி, மார்க்ஸும் நல்லாத்தான் வந்திச்சி. ஆனா திங்கக்கிழம காலையில அந்த வகுப்புக்குள்ள போயி நின்னா மொதல்ல என்ன செய்றதுன்னு யோசிச்சா ஒன்னுமே ஓட மாட்டேங்குது. நோட்ஸ்ல இல்லாதத சொல்லுங்க ப்ளீஸ்.

மஸ்கெலியா_மாஸ்டர்

தங்கச்சி, நல்ல மனசு. ஆனா நெலமைய சொல்லிர்றேன். எங்க ஸ்கூல்ல ஒரே ஹோல், நடுவுல சுவர் கிடையாது, ஒரு அலுமாரிய குறுக்க வெச்சி அந்தப்பக்கம் தரம் 2, இந்தப்பக்கம் நான். ஆள் லீவு போட்டா ரெண்டையும் நாந்தான் பாக்கணும். அஞ்சாம் தர ஸ்கொலர்ஷிப் பரீட்சையில எத்தன பேர் வெட்டுப்புள்ளிக்கு மேலன்னு தான் ஜோன்ல (வலயக் கல்வி ஒஃபிஸ்ல) கேப்பாங்க, காது கேக்காத புள்ள என்ன படிச்சிச்சின்னு இதுவரைக்கும் ஒரு அதிகாரியும் என்கிட்ட கேட்டதில்ல. இந்த மாதிரி புள்ளைங்களுக்கு தனி ஸ்கூல், தனி டீச்சர்னு இருக்கணும், அங்க போனாத்தான் அதுகளுக்கும் நல்லது. ஒன்னும் குடுக்காம எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிட்டு எல்லா புள்ளையும் ஒரே வகுப்புல படிக்கிற உட்படுத்தல் கல்வின்னு பேர் வெச்சா சரியாயிருமா?

ஓய்வுபெற்ற_ஐஎஸ்ஏ

மாஸ்டர் சொல்ற ஹோல், அலுமாரி எல்லாம் உண்மை. எழுபதுகள்லயும் அதுக்கு அப்புறமும் தோட்டப் பாடசாலைகள அரசாங்கம் பொறுப்பேத்தப்போ வந்த கட்டடம் சிலது இன்னமும் அப்படியே நிக்கிது. ஆனா தனி ஸ்கூல்ங்கிற பேச்ச இங்கயே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும், ஏன்னா தனி ஸ்கூல் எங்க இருக்கு? இரத்மலானையில 1912ல ஆரம்பிச்ச செவிப்புலன், விழிப்புலன் பாடசாலை இருக்கு. தமிழ்ல படிக்கணும்னா யாழ்ப்பாணத்துல கைதடி நஃபீல்ட் இருக்கு. பொகவந்தலாவையில ஒரு கொழுந்தெடுக்கிற அம்மா ஆறு வயசு புள்ளைய கைதடியில கொண்டு போயி விட்டுட்டு திரும்பி வர்றத நெனச்சி பாருங்க. சிலர் விட்டிருக்காங்க, அந்தப் புள்ளைங்க நல்லாவும் வந்திருக்காங்க, அத கொறச்சி சொல்லல. அனுப்ப ஏலாத வீட்டுப் புள்ளைக்கி பக்கத்து ஸ்கூல் தான் ஒரே ஸ்கூல், அதுவும் சேக்கலன்னா வீட்டு இஸ்தோப்புல (திண்ணையில) ஒக்காந்திருக்கும், அவ்வளவு தான்.

பனிமூட்டம் மகள், சட்டத்த ரெண்டு வரியில தெரிஞ்சி வெச்சிக்கங்க, ஸ்டாஃப் ரூம்ல உதவும். வலது குறைந்த ஆட்களோட உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்த காரணம் காட்டி கல்வி நிறுவனத்துல அனுமதி மறுக்கக் கூடாதுன்னு சொல்லுது. 2016ல இலங்கை ஊனமுள்ள ஆட்களோட உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்த உறுதிப்படுத்துனிச்சி, அதுல 24வது உறுப்புரை உட்படுத்தல் கல்வியப் பத்தி. அதே 2016ல தான் கட்டாயக் கல்வி வயசு 14ல இருந்து 16க்கு போச்சி. அந்த வயசுக்குள்ள "நடக்க ஏலாத புள்ளைங்க நீங்கலாக"ன்னு யாரும் எழுதி வெக்கல. "இடமில்ல"ன்னு சொல்ற அதிபர்கிட்ட சண்ட போட வேணாம், இதுகள மெதுவா எடுத்து சொன்னாலே பாதிப்பேர் எறங்கி வருவாங்க.

இப்போ பயிற்சிக்கு வர்றேன். ஐஎஸ்ஏவா (சேவைக்கால ஆலோசகரா) இருந்தப்போ பயிலுநர்களோட டீச்சிங் பிராக்டிஸ் பாக்க பின் வாங்குல நானும் நெறைய ஒக்காந்திருக்கேன். அந்த மதிப்பீட்டுப் படிவத்துல என்ன இருந்திச்சின்னா: பாடப் பிரவேசம், கரும்பலகை, குரல், கற்பித்தல் உபகரணம், நேரம். பயிலுநர் ஒரு மஞ்சள் பிரிஸ்டல் போர்ட்ல அழகா மரம் வரைஞ்சி, இலைய கத்தரிச்சி ஒட்டி, ராத்திரி பூரா முழிச்சி கொண்டு வந்திருப்பாங்க. வகுப்புல மூனாவது வரிசையில ஒரு பையன் நாப்பது நிமிசமும் பேனா மூடிய கழட்டி கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பான், ஒரு சொல்லும் அவனுக்கு போயி சேந்திருக்காது, பயிலுநர் அத பாத்திருப்பாங்க, ஆனா அவன்கிட்ட போயி நின்னா நேரம் போயிரும், நேரம் போனா மார்க்ஸ் போயிரும், அதனால பாக்காத மாதிரி தாண்டிப் போவாங்க. படிவம் சொல்லிக் குடுத்தது அது தான். விசேட கல்வி பாடத்துல எத்தன யூனிட் கூட்டினாலும் இந்த படிவத்துல "பாடத்த தொடர ஏலாத பிள்ளைக்கு என்ன செய்தார்"னு ஒரு வரி வராத வரைக்கும் ஒன்னும் மாறாது. என்னோட கட்சி அது தான்.

அப்புத்தள_காத்து

சேர் படிவத்த பத்தி சொன்னது நெத்தியடி. எங்க பெட்ச்ல தனியாள் ஆய்வுன்னு ஒரு ஃபைல் செய்யணும், ஒரு புள்ளைய அவதானிச்சி எழுதுறது. சீனியர்ட ஃபைல வாங்கி பேர மாத்தி, ஊர மாத்தி, பைண்ட் பண்ணி குடுத்தவங்க எத்தன பேருன்னு கேக்காதீங்க 😂 புள்ளையே இல்லாத தனியாள் ஆய்வு.

லயத்து_அம்மா

இங்க டீச்சர்மாரு தான் எழுதுறீங்க, நான் டீச்சர் இல்ல, மகனுக்காக இந்த க்ரூப்ல இருக்கேன். எழுத்துப் பிழ இருந்தா மன்னிக்கணும். எனக்கு செரிப்ரல் பால்சி மகன் ஒருத்தன், இப்ப ஒன்பது வயசு, கழுத்து நிக்கிறதுக்கே லேட்டாச்சி, இப்ப புடிச்சிக்கிட்டு நிப்பான், பேச்சு எனக்கும் அவன் அக்காவுக்கும் வெளங்கும் மத்தவங்களுக்கு பழகணும். மொதல்ல போன ஸ்கூல்ல "இவனுக்கு இங்க சரி வராதும்மா, டவுன் ஸ்கூல்ல இந்த மாதிரி புள்ளைங்களுக்கு தனி வகுப்பு, விசேட அலகு இருக்கு"ன்னு அனுப்பினாங்க, டவுனுக்கு போனா அந்த அலகுல சிங்களத்துல தான் படிப்பிக்கிறாங்க, அதோட தெனம் த்ரீவீலுக்கு குடுக்க என் பேருக்கு வர்ற காசு பத்தாது. ரெண்டு வருசம் வீட்டுலயே இருந்தான். அப்புறம் பக்கத்து டிவிசன் ஸ்கூல்ல ஒரு டீச்சர், கலியாணம் ஆகாத சின்னப்புள்ள தான், "கூட்டிட்டு வாங்கக்கா பாப்போம்"னாங்க.

அவங்க மொதல் நாள் என்ன கேட்டாங்க தெரியுமா. நோய் என்னன்னு கேக்கல, எப்ப வந்திச்சி சொந்தத்துல கட்டுனீங்களான்னு கேக்கல (எல்லாரும் கேக்குறது அது தான்). "பாத்ரூம் போகணும்னா எப்படி சொல்லுவான்"னு கேட்டாங்க. எனக்கு அழுக வந்திருச்சி ஏன்னா அதுக்கு முந்தி நான் என்ன செய்வேன்னா காலையில அவனுக்கு தேத்தண்ணி குடுக்க மாட்டேன், ஸ்கூல்ல ஒன்னுக்கு வந்துறக் கூடாதுன்னு. தண்ணி குடிக்காம தலவலின்னு படுப்பான், வாத்தியார் புள்ளைக்கு கவனம் இல்லம்பாரு. அந்த டீச்சர் ஒரு அட்டையில நாலு படம் ஒட்டுனாங்க, தண்ணி, பாத்ரூம், வலிக்கிது, வேணாம். அத வாங்குல கட்டி விட்டுட்டாங்க, கைய கொண்டு போயி வெச்சி காட்டுவான். பென்சில புடிக்க ஏலாது வழுக்கும், எங்க வூட்டுக்காரரு பழைய சைக்கிள் டியூப வெட்டி பென்சில்ல சுத்துனாரு, மொத்தமா இருந்தா புடிப்பான். கொப்பி நகராம இருக்க நாலு மூலையிலயும் பிளாஸ்டர். இதெல்லாம் எந்த காலேஜ்லயும் சொல்லிக் குடுக்கலயாம், டீச்சரே சொன்னாங்க, எங்கள கேட்டு கேட்டு தான் செஞ்சாங்க.

பனிமூட்டம் தங்கச்சி, அந்த தாத்தாவ வாசல்லயே அனுப்பிறாதீங்க. ஒக்கார வெச்சி கேளுங்க. புள்ளைய பத்தி அவருக்கு தெரிஞ்சது டொக்டருக்கும் தெரியாது.

பனிமூட்டம்

அக்கா நீங்க எழுதுனத எங்க ரூம்ல சத்தமா வாசிச்சேன். பாத்ரூம் கேள்விய எங்க யாருக்கும் யோசிக்கவே வரல.

மஸ்கெலியா_மாஸ்டர்

லயத்து அம்மா, உங்க மகனுக்கு கெடச்ச டீச்சர் நல்லவங்க. ஆனா ஒரு நல்ல டீச்சர வெச்சி சிஸ்டம் ஓடாது, அத தான் நான் சொல்றேன். அவங்க ட்ரான்ஸ்ஃபர் போனா? எங்க ஸ்கூலுக்கு ரோட்டுல இருந்து படியேறணும், மழ பேஞ்சா பாசி புடிச்சி நமக்கே வழுக்கும், சக்கர நாற்காலிய குடுத்தா எங்க ஓட்றது? சரிவுல கட்டுன ஸ்கூலுக்கு ரேம்ப் போடச் சொல்லி படம் காட்டுறாங்க, ஒரு கிளாஸ் ரூமுக்கு முன்னால மட்டும் ரேம்ப், அதுக்கு வர்ற வழியெல்லாம் படி. ஃபோட்டோ எடுக்க நல்லா இருக்கும்.

பசற_யூனிட்

நான் விசேட கல்வி அலகுல படிப்பிக்கிறேன், பதுளை மாவட்டம், ஸ்கூல் பேர் வேணாம். மாஸ்டர் ரேம்ப் பத்தி சொன்னதுக்கு ரெண்டு கையும் தூக்குறேன். ஆனா அலகு இருந்தா பிரச்சின தீந்துரும்னு நெனக்கிறவங்களுக்கு: எங்க அலகுக்கு யாரு வர்றான்னா, உண்மையா தேவையுள்ள புள்ளைங்க கொஞ்சம், அப்புறம் வாசிக்க வராதவன், அடங்காதவன், அம்மா வெளிநாட்டுல இருக்க பாட்டி வளக்குற புள்ள, ஸ்கொலர்ஷிப் பெறுபேத்த கொறச்சிருவான்னு பயந்து தள்ளி விட்ட புள்ள. ஒருதடவ அலகுக்கு வந்துட்டா திரும்பி வகுப்புக்கு போறது அபூர்வம். அதோட யாரு லீவு போட்டாலும் "டீச்சர் நீங்க ஃப்ரீ தானே"ன்னு அவங்க வகுப்ப பாக்க என்னைய ரிலீஃபுக்கு அனுப்புவாங்க. அதனால தான் சொல்றேன், பயிற்சி எங்களுக்கு மட்டும் குடுத்து பிரயோசனம் இல்ல, கணிதம் எடுக்கிறவருக்கும் சங்கீத டீச்சருக்கும் பி.டி. சேருக்கும் வேணும்.

பனிமூட்டம், உங்க காது கேக்காத பையன பத்தி, நான் பழகுனத வெச்சி சொல்றேன்.

மொதல்ல காத பாருங்க, சும்மா சொல்லல. இங்க கொஞ்சப் பேருக்கு காதுல சீழ் வடியும், பஞ்ச வெச்சிக்கிட்டு வருவாங்க, வருசக்கணக்கா அப்படியே விட்டிருப்பாங்க, அதுல கேக்குறது கொறஞ்சிருக்கும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ் ஆட்கள் மெடிக்கல் பாக்க வர்றப்போ அவன் பேர நீங்களே முந்தி சொல்லி காது கிளினிக்குக்கு எழுதி வாங்குங்க. மருந்துல சரியாகுறத மந்தம்னு எழுதி வெச்சிருந்தா அது பெரிய பாவம்.

முன் வாங்குல ஒக்கார வெக்கிறதோட வேல முடிஞ்சிச்சின்னு நெனக்காதீங்க. எந்தக் காது நல்லா கேக்கும்னு வீட்டுல கேட்டு அந்தக் காது வகுப்புப் பக்கம் இருக்க மாதிரி, ஓரமா, கொஞ்சம் திரும்புனா மத்த புள்ளைங்க மொகமும் தெரியிற மாதிரி வைங்க, இல்லன்னா யாரோ பதில் சொல்லி எல்லாரும் சிரிப்பாங்க இவனுக்கு ஏன்னு தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க, உங்க மொகம் இருட்டா தெரியும், ஒதட்ட பாக்க ஏலாது. கரும்பலகைய பாத்துக்கிட்டு பேசாதீங்க, எழுதி முடிச்சி திரும்பி பேசுங்க. கத்துனா ஒதடு கோணும், இன்னும் வெளங்காது. காது மெஷின் போட்டிருந்தா ஆன்ல இருக்கான்னு காலையில பாருங்க, பெட்டரி செலவுக்கு பயந்து வீட்டுல ஓஃப் பண்ணி வெச்சிருப்பாங்க. அந்த மெஷின் உங்க கொரல மட்டும் பெருசாக்காது, மாஸ்டர் சொன்ன ஹோல்ல அலுமாரிக்கி அந்தப்பக்கம் தரம் 2 பாடுற பாட்டையும் சேத்து பெருசாக்கும், அதனால சத்தம் கொறஞ்ச மூலைய அவனுக்கு குடுங்க.

"வெளங்குச்சா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. எல்லா புள்ளையும் தல ஆட்டும், இவன் இன்னும் நல்லா ஆட்டுவான், ஆட்டுனா விட்ருவாங்கன்னு பழகியிருப்பான். "செஞ்சி காட்டு"ன்னு சொல்லுங்க.

ஆறுபுள்ளி

லேட்டா வர்றேன், ஃபோன் வாசிச்சி காட்ட காட்ட கேட்டுட்டு வந்தேன், பெரிய இழை. எனக்கு கண் தெரியாது. பொறந்தது அப்புத்தள பக்கம் தோட்டம், படிச்சது வடக்குல விடுதியில தங்கி, இப்ப ஒரு ஸ்கூல்ல வரலாறும் தமிழும் எடுக்கிறேன்.

ஒன்னே ஒன்னு சொல்லணும். எங்கள பத்தின ட்ரெய்னிங் வர்க்‌ஷொப்புக்கு சில எடத்துல என்னைய கூப்பிடுவாங்க. என்ன நடக்கும்னா, எல்லாருக்கும் கண்ண கட்டி ஹோல சுத்தி நடக்க விடுவாங்க, ரெண்டு பேர் மேசையில மோதுவாங்க, ஒரு டீச்சர் அழுவாங்க, "இவங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்க"ன்னு சொல்லி என் கைய புடிப்பாங்க, அப்புறம் சாப்பாடு. அன்னைக்கி கண்ண கட்டுனவனுக்கு தெரியிறது பயம் மட்டும் தான், நான் சின்ன வயசுல இருந்து பழகுன பழக்கம் அவனுக்கு எப்படி தெரியும்? அதுக்கு பதிலா எனக்கு நாப்பது நிமிசம் குடுங்க, நான் ஒரு வரலாறு பாடம் எடுக்கிறேன், பயிலுநர்கள் புள்ளைங்களா ஒக்காந்து படிக்கட்டும். கரும்பலகைய நான் எப்படி சமாளிக்கிறேன், கொப்பிய யார வெச்சி திருத்துறேன், குறும்பு பண்றவன எப்படி கண்டுபுடிக்கிறேன்னு பாக்கட்டும். அதுக்கு அப்புறம் வகுப்புக்கு ஒரு கண் தெரியாத புள்ள வந்தா "ஐயோ பாவம்"னு பாக்க மாட்டாங்க, இது நாளைக்கி எங்க ஸ்டாஃப் ரூமுக்கு வர்ற ஆள்னு பாப்பாங்க.

அரசாங்க வேலையில நூத்துக்கு 3 எங்களுக்குன்னு 1988லயே சுற்றுநிரூபம் வந்திச்சி, 27/88. ஆனா வர்த்தமானியில "தீவின் எப்பாகத்திலும் சேவையாற்றக்கூடிய உடல் தகுதி"ன்னு ஒரு வரி வருமே, மெடிக்கல்ல அத புடிச்சிக்கிட்டு தொங்குற ஆட்கள் இருக்காங்க. ஊனமுள்ள புள்ளைக்கு படிப்பிக்க எல்லாரையும் பயிற்றுவிக்கலாம், ஊனமுள்ளவன ஆசிரியனா பயிற்றுவிக்க மட்டும் யோசிப்பாங்க.

பனிமூட்டத்துக்கு பயன்படுற விசயம்: தமிழ் பிரெய்ல் ஆறு புள்ளி தான், உயிரும் மெய்யும் அடுத்தடுத்து எழுதுற முற, எழுத்து தெரிஞ்சவங்களுக்கு சீக்கிரம் புடிபடும், லீவுல கத்துக்கங்க. கம்ப்யூட்டர்ல திரையில உள்ளத வாசிச்சி காட்டுற என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும், கொரல் ரோபோ மாதிரி இருக்கும், பழகிரும். பரீட்சைத் திணைக்களத்துல கூடுதல் நேரம், பிரெய்ல் வினாத்தாள், பெரிய எழுத்து எல்லாத்துக்கும் வழி இருக்கு, ஆனா அதிபர் மூலமா மெடிக்கலோட முன்கூட்டியே அனுப்பணும். பரீட்சைக்கு மொத வாரம் ஞாபகம் வந்து ஓடுறது தான் நம்ம பக்கத்து வழக்கம்.

டன்சினன்_தம்பி

இன்டர்ன்ஷிப் ஸ்கூல மாத்தி கேக்க ஏலுமா, யாருக்கிட்ட லெட்டர் குடுக்கிறது?

நெறியாளர்

தம்பி அதுக்கு இடமாற்றம் பகுதியில தனி இழை இருக்கு, அங்க கேளுங்க.

மஸ்கெலியா_மாஸ்டர்

ஆறுபுள்ளி சேர், நீங்க பாடம் எடுக்கிறப்போ குறும்பு பண்றவன எப்படி கண்டுபுடிப்பீங்கன்னு எனக்கே தெரியணும் 😀

சரி, நான் தனி ஸ்கூல்னு சொன்னதுல கொஞ்சம் எறங்கி வர்றேன், தூரம், மொழி ரெண்டும் பெரிய விசயம். ஆனா வளம் பத்தி சொன்னதுல நிக்கிறேன். பயிலுநருக்கு சொல்லிக் குடுக்கிறது ஒரு பக்கம், அவங்க போயி நிக்கிற வகுப்புல உதவிக்கு ஒரு ஆள் வேணும். தோட்டத்துல ஏ.எல். முடிச்சிட்டு சும்மா இருக்க புள்ளைங்க எத்தன பேர், ஒரு உதவியாளரா போட்டா என்ன?

ஓய்வுபெற்ற_ஐஎஸ்ஏ

மாஸ்டர், உதவியாளர் கோரிக்க நியாயம். ஒரு எச்சரிக்கை மட்டும். உதவியாளர் வந்த எடத்துல டீச்சர் அந்தப் புள்ளைய உதவியாளர்கிட்ட குடுத்துட்டு மத்தவங்களுக்கு மட்டும் பாடம் எடுக்கிறத பாத்திருக்கேன். அலகுக்கு பதிலா வகுப்புக்குள்ளயே ஒரு குட்டி அலகு ஆயிரும்.

பனிமூட்டம் மகள், இவ்வளவு பேர் எழுதிட்டாங்க, நீங்க ஒரு லெசன் பிளான் போட்டு காட்டுங்களேன். தரம் 3, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், தண்ணி.

பனிமூட்டம்

சுருக்கமா போடுறேன் சேர். எங்க ஊர் பீலியில (தண்ணி புடிக்கிற எடம்) இருந்து ஆரம்பிப்பேன், தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேள்வி. அப்புறம் குழுவா பிரிஞ்சி தண்ணியோட பயன்கள சொல்லி பட்டியல் போடுறது. கடைசியா குழு ஒவ்வொன்னும் முன்னால வந்து சொல்றது. காது கேக்காத பையனுக்கு பீலி படம் வரைஞ்ச தாள் குடுத்து வர்ணம் தீட்டல். கால் ஏலாத புள்ள ஒக்காந்த எடத்துலயே பட்டியல எழுதுவா, அவ குழு அவகிட்ட வரும்.

பசற_யூனிட்

ரெண்டாவது நல்லா இருக்கு, குழு அவகிட்ட வர்றது. ஆனா மொதல்ல உள்ளது வேணாம் தங்கச்சி, வர்ணம் தீட்டல எடுத்துருங்க. காது கேக்காத புள்ள, வாசிக்க ஏலாத புள்ள எல்லாருக்கும் நம்ம ஆட்கள் குடுக்கிறது அந்த வர்ணப் பென்சில் பெட்டி தான். எங்க அலகுக்கு வந்த ஒரு பையன்ட கொப்பிய பெரட்டுனா தரம் 1ல இருந்து யானைக்கும் மயிலுக்கும் வர்ணம் தான், ஒரு சொல்லு எழுதுனதில்ல, ஆனா மூளைக்கு ஒரு கொறையும் இல்ல.

அவனுக்கும் அதே பாடம், அதே பட்டியல். மத்தவங்க காதால வாங்குறத அவன் கண்ணால, கையால வாங்கணும். ஒரு வாளி தண்ணி, ஒரு கோப்பை, ஒரு துணி, ஒரு செடிச் சட்டி கொண்டு வாங்க. ஒருத்தர் செஞ்சி காட்டட்டும், அடுத்தவர் சொல்லட்டும், மூனாவது ஆள் அந்த சொல்ல அட்டையில எழுதி பொருள் மேல வெக்கட்டும். மொத ஆளா அவன் வரட்டும், அடுத்த சுத்துல எழுதுற ஆளா வரட்டும். பேச்சு கம்மியான பாடமா இருந்தா அலுமாரிக்கு அந்தப்பக்கம் இருக்கவங்களுக்கும் நிம்மதி.

லயத்து_அம்மா

வாளி பாரமா இருந்தா பாதி தண்ணி போதும், என் மகன் மாதிரி புள்ளைங்களும் தூக்கலாம். தங்கச்சி, எங்க டிவிசன் உங்களுக்கு தூரமில்லன்னு நெனக்கிறேன். லீவுல வாங்க, அவன் கூட ஒரு நாள் பூரா இருந்து பாருங்க. இன்பாக்ஸ்ல எழுதுங்க, ஞாயித்துக்கிழமன்னா நானும் வீட்டுல தான்.

பனிமூட்டம்

எழுதியிருக்கேன் அக்கா. நான் மட்டும் இல்ல, ரூம்ல இன்னும் ரெண்டு பேர் வர்றோம்னு சொல்றாங்க, பரவாயில்லையா? ஐஎஸ்ஏ சேர், இத தனியாள் ஆய்வு ஃபைலுக்கு போடலாமா, இல்ல அதுக்கு ஸ்கூல்ல உள்ள புள்ளையா தான் இருக்கணுமா?

ஓய்வுபெற்ற_ஐஎஸ்ஏ

ஸ்கூல்ல உள்ள புள்ள தானே மகள் அவன், தாராளமா போடலாம். அம்மாகிட்ட அனுமதி கேட்டு எழுதி வாங்குங்க, பேர மாத்திருங்க, ஃபோட்டோ வேணாம். காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் அவன் எதெல்லாம் தானா செய்றான்னு எழுதுங்க, செய்ய ஏலாததோட பட்டியல் ஏற்கனவே கிளினிக் கொப்பியில இருக்கும்.